பற்றரியை மாற்ற முன்னர் நெட்வேர்க் செட்டிங்கைப் பாருங்கள்

கேள்வி: நான் மூதூரில் இருக்கிறேன். ஈச்சிலம்பற்றுப் பக்கக் கிராமங்களுக்குப் போய்க் குடும்ப விவரம் பதிவது என் வேலை. அதற்காக சிம் போடக்கூடிய ஆண்ட்ராய்ட் டெப் ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லை. காலையில் நூறு சதவீதத்தோடு புறப்பட்டால் பின்னேரம் இரண்டு மணிக்குப் பதினைந்துக்கு வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மகன் அதிலே பாடம் பார்த்தாலும் இரவு வரை நிற்கிறது. கரண்ட் போகும் நாட்களில் வீட்டில் இருந்தாலும் சீக்கிரம் இறங்குகிறது. போன் கடையில் பற்றரியை மாற்றச் சொல்கிறார்கள். கூட வேலை செய்பவர் 3ஜியில் போட்டுவிட்டால் சரியாகும் என்கிறார். பேச எனக்குத் தனியாகப் போன் இருக்கிறது. டெப்பில் டேட்டா சிம் மட்டும்தான். நான் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி ஒருவர், மூதூர்

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அதே டெப் இரவு வரை நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் என் கண் நின்றது அந்த இடத்தில்தான். பற்றரி உண்மையிலேயே பழுதாகியிருந்தால் ஞாயிறும் திங்களும் ஒரே மாதிரித்தான் இறங்கும். உங்களுடையது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஆகவே பற்றரிக்குக் காசு கொடுக்க அவசரப்பட வேண்டாம். கடைக்காரர் ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் டெப்பைப் பார்த்தது நல்ல சிக்னல் உள்ள கடைவீதியில். நீங்கள் பாவிப்பது ஈச்சிலம்பற்றில்.

நான் இப்போது திருகோணமலை நகரில் போன், டெப் திருத்தும் வேலை செய்கிறேன். அதற்கு முன்னர் டவர் பராமரிப்பு வேலையில் இருந்தேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், சிம் உள்ள டெப்பில் திரைக்கு அடுத்தபடி பற்றரியைக் குடிப்பது பெரும்பாலும் ரேடியோதான், அதாவது டவரோடு பேசும் பகுதி. அது எவ்வளவு குடிக்கும் என்பதை டெப்பின் விலையோ மாடலோ தீர்மானிப்பதில்லை. பக்கத்தில் டவர் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரோடு பேச வேண்டுமென்றால் நாம் குரலை உயர்த்துவோம், பக்கத்தில் இருந்தால் மெதுவாகப் பேசுவோம். டெப்பும் அப்படித்தான். டவர் பக்கத்தில் இருந்தால் மிகச் சிறிய சக்தியில் பேசி முடிக்கும். தூரம் கூடக் கூட, அல்லது நடுவில் சுவரும் மரமும் தகரமும் வர வர, டவர் அதைப் பார்த்துச் சக்தியைக் கூட்டச் சொல்லும். 4ஜி சாதனம் ஒன்று சாதாரணமாக 200 மில்லிவாட் வரை கூட்டலாம். அது வெளியே போகும் சக்தி மட்டும்தான். அதை உண்டாக்கப் பற்றரியிலிருந்து இழுப்பது அதைப்போலப் பல மடங்கு, மிச்சம் சூடாகப் போய்விடும். சிக்னல் குறைந்த இடத்தில் டெப்பின் முதுகு சுடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். எட்டரை அங்குல அளவிலான சாதாரண டெப்களில் 5100 எம்.ஏ.எச். பற்றரி இருப்பது வழக்கம். அது கிட்டத்தட்ட 19 அல்லது 20 வாட்-மணி. ரேடியோ வழக்கத்தைவிட அரை வாட் மட்டும் கூடுதலாக இழுக்கிறது, அதுவும் எட்டு மணித்தியாலம் என்று வையுங்கள். 4 வாட்-மணி போய்விட்டது. பற்றரியில் ஐந்தில் ஒரு பங்கு, நீங்கள் திரையைத் தொடாமலே.

இன்னொன்றும் நடக்கிறது. நீங்கள் ஒரு படிவத்தை அனுப்பியதும் ரேடியோ உடனே உறங்கப் போவதில்லை. இன்னும் ஏதாவது வருமோ என்று கொஞ்ச நேரம் விழித்திருக்கும். நெட்வேர்க்கைப் பொறுத்து அது பத்து செக்கன் அளவுக்குக்கூட நீளும். அனுப்பியது ஒரு சின்ன வாட்ஸ்அப் செய்தி என்றாலும் அந்தக் காத்திருப்பு அதேதான். இருபது படிவத்தை இருபது தடவையாக அனுப்பினால் இருபது காத்திருப்பு. ஒன்றாகச் சேர்த்து அனுப்பினால் ஒன்று.

மூன்றாவது காரணத்தை ஆட்கள் கவனிப்பதே இல்லை. சிக்னல் அடியோடு இல்லாத இடத்தைவிட, வந்து வந்து போகும் இடம் பெரும்பாலும் மோசம். 4ஜி கிடைக்கிறதா என்று பார்க்கும், கிடைத்ததும் பதிந்துகொள்ளும், விட்டுப் போனதும் 3ஜி அல்லது 2ஜிக்கு இறங்கும், பிறகு மறுபடியும் 4ஜி தேடும். நாள் முழுக்க இதே வேலை. மூதூர் மாதிரிக் கரையோர ஊர்களில் இதற்கு இன்னொரு வகையும் உண்டு. கொட்டியாரக் குடாவின் ஓரத்தில் நின்றால் அப்பால் திருகோணமலைப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிறதல்லவா? தண்ணீருக்கு மேலே தடை இல்லாததால் தூரத்து டவர்களின் அலையும் வந்து சேரும். ஆனால் எதுவும் திடமாக இருக்காது. இரண்டு மூன்று டவர் ஒரே அளவில் கேட்டால் டெப் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிக்கொண்டே இருக்கும். திரையில் மூன்று கோடு காட்டும், பற்றரி மட்டும் இறங்கும்.

அந்தக் கோடுகளை நம்ப வேண்டாம் என்பது என் முதல் ஆலோசனை. எத்தனை டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு கம்பனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. உண்மையான எண் டெப்புக்குள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் கடைசியில் உள்ள அபவுட் டேப்லெட்டுக்குப் போங்கள். அதில் ஸ்டேட்டஸ், சிம் ஸ்டேட்டஸ் என்று ஒவ்வொன்றாகத் திறந்தால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று ஓர் எண் காட்டும், மைனஸ் குறியோடு. 4ஜியில் மைனஸ் 80, 90 என்று இருந்தால் நல்லது. மைனஸ் 100 ஐத் தாண்டினால் ரேடியோ சிரமப்படத் தொடங்குகிறது. மைனஸ் 110க்குக் கீழே என்றால் நன்றாகவே கஷ்டப்படுகிறது, 120 இல் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. இந்த எண்கள் பார்க்கும்போது தெரிவதைவிடப் பெரிய வித்தியாசம் உள்ளவை. பத்து எண் இறங்கினால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. அப்படியென்றால் மைனஸ் 80க்கும் மைனஸ் 110க்கும் நடுவே ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

நீங்கள் வழமையாகப் போகும் இடங்களில், அலுவலகத்தில், வீட்டில், கிராமங்களில் அதிக நேரம் உட்காரும் இடங்களில் இந்த எண்ணைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேர வேலைதான். எந்த இடத்தில் என்ன செட்டிங் வேண்டும் என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும்.

சரி, இனி 3ஜி யோசனை. உங்கள் சக ஊழியர் சொல்வதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2011, 2012 இல் வந்த முதல் 4ஜி போன்கள் பற்றரியை ஒரே மூச்சில் குடித்தன. 4ஜிக்கென்று தனி சிப் போட்டிருந்தார்கள், அந்தச் சிப்கள் அதிக சக்தி இழுப்பவை. கவரேஜும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருந்தது. அப்போது 3ஜிக்கு மாற்றியவர்களுக்குப் பலன் தெரிந்தது. இலங்கையில் 2013 இல் 4ஜி வந்த புதிதிலும் அந்த ஆலோசனை பரவி அப்படியே நின்றுவிட்டது. ஆனால் உங்கள் டெப் அந்தக் காலத்தது அல்ல. இப்போதைய சிப்கள் 4ஜியில் வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு உறங்கப் போகின்றன. 3ஜியில் அதே வேலைக்கு அதிக நேரம் விழித்திருக்க வேண்டும். அதோடு உலகம் முழுக்க 3ஜியை மூடிக்கொண்டு வருகிறார்கள், அந்த அலைவரிசையை 4ஜி, 5ஜிக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் பகுதியில் 3ஜி இல்லாமல் போயிருந்தால், 3ஜி, 2ஜி மட்டும் என்று போட்ட டெப் நேராக 2ஜியில் போய் விழும்.

2ஜியில் டேட்டா எவ்வளவு மெதுவென்று உங்களுக்குத் தெரியும். ஒரு மெகாபைட் படம் ஒன்றை அனுப்ப, 2ஜியில் வினாடிக்கு 100 கிலோபிட் கிடைத்தால் 80 செக்கன் ஆகும். சுமாரான 4ஜியில் 10 மெகாபிட் கிடைத்தால் ஒரு செக்கனுக்குள் முடியும். அதுமட்டுமல்ல, 900 மெகாஹேர்ட்ஸ் 2ஜியில் சாதனம் துடிப்புத் துடிப்பாக 2 வாட் வரை அனுப்பக்கூடியது. டேட்டா வேலைக்கு 2ஜி சிக்கனம் என்பது சரியல்ல. சும்மா அழைப்புக்குக் காத்திருக்கும் பட்டன் போனுக்குத்தான் அது சிக்கனம்.

ஆனாலும் 3ஜி அடியோடு வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன். ஓர் இடத்தில் 4ஜி மைனஸ் 115 என்று தொங்கிக்கொண்டிருக்கிறது, 3ஜிக்கு மாற்றிப் பார்த்தால் மைனஸ் 85 வருகிறது, நீங்கள் அங்கேயே மூன்று நான்கு மணித்தியாலம் இருக்கப் போகிறீர்கள் என்றால் அந்த நேரத்துக்கு 3ஜியில் பூட்டி வைப்பது நல்லதுதான். அதற்குத்தான் அந்தத் தாள். செட்டிங்ஸில் கனெக்‌ஷன்ஸ், அதற்குள் மொபைல் நெட்வேர்க்ஸ், அதற்குள் நெட்வேர்க் மோட். சில மாடல்களில் நெட்வேர்க் அண்ட் இன்டர்நெட், சிம், ப்ரிஃபேர்ட் நெட்வேர்க் டைப் என்று இருக்கும். அங்கே இப்போது என்ன தெரிவாகியிருக்கிறது என்பதை மாற்ற முன்னர் எழுதி வையுங்கள். உங்கள் டெப் 5ஜி பிடிக்கக்கூடியதாக இருந்து, நீங்கள் போகும் இடங்களில் 5ஜி இல்லையென்றால் முதல் வேலையாக 5ஜி இல்லாத வரியைத் தெரிவு செய்யுங்கள். இல்லாததைத் தேடி அலைவதாவது நிற்கும்.

உங்கள் வேலைக்கு நான் சொல்லும் முக்கிய வழி இவை எதுவுமில்லை, டவரோடு பேசும் ரேடியோவை முழுதாக நிறுத்திவிடும் ஏரோப்ளேன் மோட்தான். விமானத்தில் மட்டும் பாவிப்பது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். டெப்பில் அழைப்பு எடுக்காத உங்களைப் போன்றவருக்கு இதைவிட நல்ல சாவி கிடையாது. பேசுவதற்கு வேறு போன் இருக்கிறது. டெப்பில் படிவம் நிரப்பும்போது இன்டர்நெட் தேவையா என்று மட்டும் பாருங்கள். பதிவுச் செயலி நிரப்பியதை டெப்பிலேயே சேமித்துப் பிறகு அனுப்பக்கூடியதாக இருந்தால் கிராமத்துக்குள் போகும்போது ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். வீடுகளுக்குப் போங்கள், நிரப்புங்கள், சேமியுங்கள். தாளில் நல்ல எண் வந்த இடத்துக்கு வந்ததும் அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்புங்கள். அனுப்பி முடிந்ததாகச் செயலி காட்டும் வரை அங்கேயே நில்லுங்கள். பிறகு மறுபடியும் ஏரோப்ளேன் மோட்.

செயலி இணைப்பில்லாமல் வேலை செய்கிறதா என்பதை வீட்டில் ஒரு மாதிரிப் படிவத்தை வைத்துச் சோதித்த பிறகுதான் வெளியே இதைச் செய்ய வேண்டும். ஒரு குடும்பத்தின் விவரத்தை அரை மணித்தியாலம் உட்கார்ந்து கேட்டு எழுதியபின் அது காணாமல் போனால் அந்த வீட்டாருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். பற்றரி அவ்வளவு பெரிய விஷயமில்லை.

படிவத்தில் இடத்தைப் பதிய வேண்டியிருந்தால் அதற்கும் பயமில்லை. ஜிபிஎஸ் என்பது செய்மதியிலிருந்து வருவதைக் கேட்கும் வேலை மட்டும்தான், அனுப்பும் வேலை இல்லை. ஆண்ட்ராய்ட் டெப்பில் ஜிபிஎஸ் சிப் இருந்தால் ஏரோப்ளேன் மோடிலும் அது வேலை செய்யும். நெட்வேர்க் உதவி இல்லாததால் முதல் தடவை இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அப்போது முற்றத்துக்கு வந்து வானம் தெரியும்படி பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மொபைல் டேட்டாவை நிறுத்துவதும் ஏரோப்ளேன் மோடும் ஒன்றல்ல. மொபைல் டேட்டாவை நிறுத்தினால் செயலிகள் அனுப்புவதும் வாங்குவதும்தான் நிற்கும். சிம் தொடர்ந்து நெட்வேர்க்கில் பதிந்தபடி இருக்கும், டவர் தேடுவது நிற்காது. நல்ல சிக்னல் உள்ள இடத்தில் அது பெரிய செலவில்லை. உங்கள் கிராமப் பக்கங்களில் பெரிய செலவே அந்தத் தேடல்தான். டேட்டாவை நிறுத்தியும் பலனில்லை என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருபவர்களில் அதிகமானோரின் கதை இதுதான்.

வீட்டில் எப்படி? மகன் பாடம் பார்க்கும்போது டெப்பின் சொந்த சிம்மைப் பாவிக்க வேண்டாம். ஏரோப்ளேன் மோடில் போட்டு, அதன் பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஓன் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். ரவுட்டர் இருந்தால் அது, இல்லையென்றால் வீட்டிலுள்ள ஒரு போனில் ஹொட்ஸ்பொட். அந்தப் போனையோ ரவுட்டரையோ வீட்டிலேயே நல்ல எண் வரும் ஜன்னலோரத்தில், சார்ஜ் போடக்கூடிய இடமாகப் பார்த்து வையுங்கள். தூரத்து டவரோடு பேசும் கஷ்டமான வேலை அதனுடையது. டெப் நாலைந்து மீற்றர் தூரத்துக்கு மட்டும் பேசினால் போதும். தகரக் கூரை வீடு என்றால் இதன் பலன் இன்னும் கூடத் தெரியும், ஏனென்றால் உலோகம் அலையை உள்ளே விடாது. இதே காரணத்துக்காகத்தான் அலுவலகத்தில் டெப்பை இரும்பு அலுமாரிக்குள் பூட்டி வைக்க முன்னர் ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்கிறேன். அலுமாரிக்குள் இருக்கும் டெப் சும்மா இருப்பதில்லை, டவரைத் தேடித் தேடியே இறங்கிவிடும்.

வைஃபை பாவித்தும் பற்றரியில் வித்தியாசம் தெரியாத சிலர் இருக்கிறார்கள். ஏரோப்ளேன் மோட் போடாமல், சிம்மும் வைஃபையும் சேர்ந்து ஓனில் இருக்கும் சந்தர்ப்பம் அது. ஆண்ட்ராய்டில் மொபைல் டேட்டா ஓல்வேஸ் அக்டிவ் என்று ஒரு செட்டிங் மறைவாக இருக்கிறது, வழமையாகவே ஓனில் இருக்கும். வைஃபை விட்டுப் போனால் உடனே டேட்டாவுக்குத் தாவ வசதியாக, வைஃபையில் இருக்கும்போதும் மொபைல் டேட்டாவை விழிப்பில் வைத்திருப்பது அதன் வேலை. நிறுத்த வேண்டுமென்றால் அபவுட் டேப்லெட்டில் சொஃப்ட்வெயார் விவரத்துக்குள் பில்ட் நம்பர் என்பதை ஏழு தடவை தட்ட வேண்டும். டிவெலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும், அதற்குள் இது இருக்கும். இந்த ஒன்றைத் தவிர அங்கே வேறு எதையும் தொட வேண்டாம். பழக்கமில்லை என்றால் இதை விட்டுவிடுங்கள், ஏரோப்ளேன் மோடே போதும்.

கரண்ட் போகும் நாள் பற்றிக் கேட்டது மிக நல்ல கேள்வி. கரண்ட் இல்லையென்றால் டவருக்கும் கரண்ட் இல்லை. அதற்குப் பின்பலமாக பற்றரிகள் இருக்கும், சில இடங்களில் ஜெனரேற்றரும் இருக்கும். நீண்ட நேரம் போனால் அந்தப் பற்றரியும் முடியும். பக்கத்து டவர் படுத்துவிட்டால் உங்கள் டெப் தூரத்து டவரைப் பிடிக்கப் பார்க்கும். அந்த டவருக்கோ அன்று சுற்றுவட்டாரமே வந்து சேர்ந்திருக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்தியபோது போன், டெப் எல்லாம் வழக்கத்தைவிட வேகமாக இறங்குகிறது என்று நிறையப் பேர் வந்தார்கள். சார்ஜ் போட வழியில்லாத அன்றைக்கே ரேடியோ அதிகமாகக் குடிக்கிறது. ஆகவே கரண்ட் போனதும் டெப்பை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். மகனுக்கு வேண்டிய பாடங்களை முன்கூட்டியே டவுன்லோட் செய்து வைத்திருந்தால் இன்டர்நெட் இல்லாமலே படிக்கலாம்.

இப்போது ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து இதைக் கவனமாக வாசியுங்கள். மேலே சொன்னது அவ்வளவும் டெப்புக்கு. நீங்களும் வீட்டாரும் பேசப் பாவிக்கும் போனில் இவற்றைச் செய்ய வேண்டாம். முக்கியமாக, போனை 4ஜி மட்டும் என்று பூட்டும் வித்தைகள் யூடியூப்பில் நிறைய இருக்கின்றன. 4ஜி வழியாகவே குரல் போகும் வசதி உங்கள் போனிலும் சிம்மிலும் வேலை செய்யாவிட்டால், அப்படிப் பூட்டிய போனுக்கு அழைப்பு வராது, நீங்கள் எடுக்கவும் முடியாது. சாதாரண நாளில் அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்த மாதிரி ஓர் இரவில் அது ஆபத்து. அப்படிப்பட்ட நேரத்தில் 1990 அம்புலன்ஸுக்கோ 117 அனர்த்த முகாமைத்துவத்துக்கோ அழைக்க எந்தத் தலைமுறை நெட்வேர்க் மிஞ்சியிருக்கிறதோ அதைப் பிடிக்கும் சுதந்திரம் பேசும் போனுக்கு இருக்க வேண்டும். அதன் நெட்வேர்க் மோடை எப்போதும் ஓட்டோ (தானாகத் தெரிவு செய்வது) என்பதிலேயே விடுங்கள்.

சிம்மையும் ஒரு தடவை பாருங்கள். பழைய போனிலிருந்து கழற்றிப் போட்டதா, கத்தரியால் வெட்டிச் சிறிதாக்கியதா? அப்படியென்றால் புதிதாக 4ஜி சிம் ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள். தொடுகை சரியில்லாத சிம் அடிக்கடி விட்டுப் போய்த் திரும்பத் திரும்பப் பதியும். அப்புறம், எந்த நிறுவனத்தின் சிம் நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. டேட்டா சிம்தானே, இலக்கம் மாறினாலும் உங்களுக்கு நட்டமில்லை. கூட வேலை செய்பவர்களின் வேறு வேறு சிம்களைக் கொஞ்ச நேரம் வாங்கிப் போட்டு, அதே இடங்களில் அதே தாளில் எண்ணைக் குறியுங்கள். நீங்கள் அதிக நேரம் நிற்கும் இடத்தில் எது மைனஸ் 100க்கு மேலே, அதாவது மைனஸ் 90, 80 என்று நிற்கிறதோ அதுவே உங்களுக்கு நல்ல சிம். உங்கள் தேவைக்கு எந்தச் செட்டிங்கையும்விட இது பெரிய மாற்றத்தைத் தரக்கூடும்.

நெட்வேர்க்கைச் சரிசெய்தாலும் வெயிலில் பாவிக்கும் டெப்பின் திரை தன் பங்கைக் கேட்கும். ஓட்டோ ப்ரைட்னஸ் வெளியே வந்தால் முழு வெளிச்சத்துக்கு ஏறும், கேட்கும் நேரம் முழுக்க அப்படியே நிற்கும். வேப்பமர நிழலோ திண்ணையோ கிடைத்தால் அங்கே உட்கார்ந்து எழுதுங்கள். சூட்டிலும் கவனம் வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் பக்கத்து வெப்பம் உங்களுக்குத் தெரியும். இந்தப் பற்றரிகளுக்கு 35 பாகைக்கு மேலே போவது நல்லதல்ல. ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் டெப்பை வைத்து வெயிலில் நிறுத்திவிட்டுப் போனால் அன்றைய சார்ஜ் மட்டுமல்ல, பற்றரியின் ஆயுளும் குறையும். அது திரும்பக் கிடைக்காது.

கடைசியாக, பற்றரி நல்லதா கெட்டதா என்பதை நீங்களே அறிய ஒரு வழி. ஓர் இரவு டெப்பை நூறு சதவீதத்துக்குச் சார்ஜ் போட்டு, ஏரோப்ளேன் மோடில், வைஃபையும் இல்லாமல் படுக்கப் போகும்போது மேசையில் வையுங்கள். காலையில் எத்தனை சதவீதம் என்று குறியுங்கள். அடுத்த இரவு அதே மேசையில் சிம் ஓனில், மற்றதெல்லாம் அதே மாதிரி. முதல் இரவில் இரண்டு மூன்று சதவீதம் மட்டும் குறைந்து, இரண்டாம் இரவில் அதைப்போலப் பல மடங்கு குறைந்தால் பற்றரியில் குற்றமில்லை, மேலே சொன்னதைச் செய்யுங்கள். முதல் இரவிலேயே பத்து, பதினைந்து என்று விழுந்தால் ஏதோ ஒரு செயலி இரவில் ஓடுகிறது, அல்லது பற்றரி உண்மையிலேயே தளர்ந்துவிட்டது. செட்டிங்ஸில் பற்றரி பக்கத்தைத் திறந்தால் எந்தச் செயலி குடிக்கிறது என்று பெயரோடு காட்டும். அங்கே ஒன்றும் தென்படாமல், நாற்பதிலிருந்து சட்டென்று பத்துக்கு விழுவது, முப்பதில் அணைந்துபோவது மாதிரி நடந்தால் கடைக்காரர் சொன்னது சரி, மாற்றுங்கள். டெப்பின் முதுகு உப்பியிருந்தாலோ திரை ஓரத்தில் மேலெழும்பினாலோ சோதனை ஒன்றும் வேண்டாம். சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்திவிட்டு, அழுத்தாமல், குத்தாமல் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள்.

அந்த இரண்டு இரவின் எண்களையும், தாளில் குறித்த டிபிஎம் எண்களையும் எழுதி அனுப்புங்கள். எந்த மாடல் என்பதையும் சேர்த்து எழுதினால் உங்கள் டெப்பில் நெட்வேர்க் மோட் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த வரியைத் தெரிவு செய்ய வேண்டும் என்று சரியாகச் சொல்லிவிடுவேன். பற்றரிக் காசை அதுவரை கையில் வையுங்கள்.